மகன் திரும்பி வராத கூத்து

ஓய்வுபெற்று வீட்டில் இருந்தாலும், பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குவது பற்றிப் பேச என்னை இன்னும் ஆசிரியர் பட்டறைகளுக்குக் கூப்பிடுகிறார்கள். போன பள்ளித் தவணையில் கிளிநொச்சியில் நடந்த பட்டறையில், நியமனம் கிடைத்து அதிக காலமாகாத ஓர் ஆசிரியை எழும்பிக் கேட்டாள்.

“ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. ஒரு பழைய கூத்தைச் சுருக்கிப் பிள்ளையளுக்குப் பழக்க ஒரு தவணை முழுக்கப் போகுது. அதில வாற படிப்பினைய மட்டும் படத்தோட திரையில போட்டுக் காட்டினாக் காணாதோ?”

பின்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவளில் கோபம் வரவில்லை. நானும் படிப்பினையைப் பெரிதாக நம்பி வேலை தொடங்கியவள்தான். அன்று நேரம் போதாமல் ஏதோ சொல்லி இருத்திவிட்டேன். சொல்ல நினைத்தது இது.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துத் தண்ணீரை நம்பி வன்னியில் வயல் செய்த குடும்பம். அப்பா விதைப்பு முடிந்த கையோடு கூத்துப் பார்க்கப் போவார். என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். அந்த ருசிதான் என்னை ஆசிரியத் தொழிலுக்கு இழுத்தது என்று நினைக்கிறேன். ஆசிரியர் கலாசாலையில் கழித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அங்கே நாடகம் என்று ஒரு பாடம் இருந்தது. அதைப் படிப்பிக்க வேண்டியவர்தான் பெரும்பாலும் வருவதில்லை. வேலையைப் பிள்ளைகளிடமிருந்துதான் கற்றேன்.

விடிய விடிய ஆடும் கூத்தை அரைமணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஆடுகிறவர்கள் பத்து வயதுப் பிள்ளைகள். முதல் நாள் எல்லாரையும் நிலத்தில் இருத்தி, கையில் ஒரு தாளும் இல்லாமல் கதையைச் சொல்வேன். அடுத்த நாள் அவர்கள் எனக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் மறந்துபோன இடங்களை வெட்டிவிடுவேன். அரசனின் நீண்ட வரவுப் பாட்டை எப்போதும் மறந்துவிடுவார்கள். காட்டில் பசித்த அரசி புளியங்காய் கேட்டதை ஒரு பிள்ளையும் மறக்காது. பிறகு வசனம். ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாத வசனம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்திருக்கக் கூடாது. சொல்லும்போது பிள்ளையின் தோள் மேலே எழும்பினால் அந்த வசனம் நீளம் என்று அர்த்தம். தேயிலைப் பெட்டியின் வெள்ளித் தாளில் ராசாவுக்கு முடி, அம்மாமாரின் சேலையில் உடுப்பு. கடைசியில், கூத்தை அறிவித்து நடத்தும் கட்டியக்காரன் மேடையின் முன்னால் வந்து, இந்தக் கதையால் நாம் அறிவது என்ன என்று சபைக்குச் சொல்வான். அந்தக் காலத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். அந்த ஒரு வசனத்தை எழுதவே அதிக நேரம் எடுப்பேன்.

எங்கள் கல்வி வலயத்துக்கு நாடக ஆலோசகராக வந்தவர் மாரிமுத்து சேர். கலவரத்துக்குத் தப்பி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. சின்ன வயதில் தகப்பனின் கூத்துக் குழுவில் அரசி வேடம் கட்டியவர். எத்தனையோ வருடம் எங்களோடு பழகியும் தோட்டத்துப் பேச்சை அவர் விடவில்லை. பாடசாலைக்கு வந்தால் அதிபர் போடும் கதிரையில் இருக்கமாட்டார். பிள்ளைகளுக்குப் பின்னால் நிலத்தில், குடையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். எந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், வேடத்தின் பெயர்தான். “மகாராசா, கொஞ்சம் இங்க வாங்க” என்பார். ஒத்திகை முடிந்ததும் ஆசிரியரிடம் ஒன்றும் கேட்கமாட்டார். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, “ஒங்களுக்கு என்ன வெளங்குச்சு?” என்று கேட்பார். பிள்ளை என்ன சொன்னாலும் தலையாட்டுவார், திருத்தமாட்டார்.

எங்களைத்தான் திருத்துவார். பழைய கூத்தின் முடிவில் கைவைத்தால் அவருக்குப் பொறுக்காது. “வழிய சுருக்கலாங்க டீச்சர். போய்ச் சேர்ற எடத்த மாத்தக் கூடாது” என்பார்.

அவரிடம் நான் படித்த முதல் பாடம் சிரிப்பாகத்தான் தொடங்கியது. அரசனுக்கு நஞ்சு வைக்கும் மந்திரி ஒருவன் வரும் கூத்தைப் பழக்கிக்கொண்டிருந்தேன். மந்திரியாக ஆடிய பிள்ளையின் தாய் ஒரு நாள் காலையிலேயே வந்துவிட்டார்.

“ரீச்சர், என்ர பிள்ளைக்கு வேற வேசம் ஏதும் குடுங்கோ. வகுப்பில ஒருத்தரும் அவனோட சாப்பாடு மாத்திச் சாப்பிடீனமில்லையாம். நஞ்சு வைப்பானாம்.”

இதைக் கேட்ட மாரிமுத்து சேர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு, ஒவ்வொரு நாளும் வேறொரு பிள்ளை மந்திரியாக ஆடட்டும் என்றார். “நல்லவனா ஆட எல்லாருக்கும் தெரியும். கெட்டவன் ஏன் கெட்டவன் ஆனான்னு அவன் வேசத்தக் கட்டிப் பாத்தாத்தான் தெரியும்.” அந்தக் கிழமை முடிவதற்குள் மந்திரி வேடத்துக்குச் சண்டை வந்துவிட்டது. மந்திரியாக நின்ற ஒரு சிறுமியிடம், ஏன் அரசனில் இவ்வளவு கோபம் என்று கேட்டேன். “ராசா ஒரு நாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை ரீச்சர்” என்றாள். கூத்துப் பழக்கும் எந்த அண்ணாவியாரும் பாடித் தராத காரணம். அப்படியே வசனத்தில் சேர்த்தேன். கட்டியக்காரனின் படிப்பினை வசனத்தை மட்டும் விடாமல் வைத்திருந்தேன்.

பிறகு யுத்தம் எங்களை இடம் இடமாக நகர்த்தியது. அதை எழுத இது இடமில்லை. மீளக் குடியேறியபோது உடையார்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலைக்கு என்னை அனுப்பினார்கள். பாதிக் கட்டடத்துக்குத் தகரம், மீதிக்குப் பிளாஸ்ரிக் தறப்பாள். காற்று அடித்தால் தறப்பாளின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது. மாரிமுத்து சேரும் பழைய வேலைக்குத் திரும்பியிருந்தார். ஆள் மெலிந்துபோயிருந்தார். குடை மட்டும் புதிது.

வலய மட்டத்தில் நாடகப் போட்டி திரும்பவும் தொடங்குகிறது என்று அறிவித்தல் வந்தது. நான் தேர்ந்தெடுத்தது அடைக்கலராசன் கூத்து. அப்பாவோடு போய்ப் பார்த்த கூத்து அது. கதை இதுதான்: பகைவருக்குப் பயந்து ஓடிவந்த ஓர் அந்நியன் அரசனின் வாசலில் தஞ்சம் கேட்கிறான். அரசன் வாக்குக் கொடுக்கிறான். அவனைத் தா என்று பக்கத்து நாட்டான் படையோடு வருகிறான். அரசன் கொடுக்கவில்லை. நகரம் எரிகிறது. அரசனும் அரசியும் மகனும் காட்டுக்கு நடக்கிறார்கள். ஆற்றைக் கடக்கும்போது வெள்ளம் மகனை இழுத்துக்கொண்டு போகிறது. அப்போதும் அரசன், வாக்குக் கொடுத்ததற்காக வருந்தவில்லை என்கிறான். சிவபெருமான் தோன்றி நாட்டைத் திருப்பிக் கொடுக்கிறார். மகன் ஆற்றிலிருந்து ஓடி வருகிறான். எல்லாரும் மங்களம் பாடுகிறார்கள்.

அரசி வேடம் தர்சிகாவுக்கு. பத்து வயது. கதைக்கும்போது வாயைத் திறப்பதே தெரியாத பிள்ளை. ஆனால் மேடையில் ஏற்றினால் அவளுடைய குரல் தறப்பாள் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். ஆற்றங்கரையில் மகனைத் தேடிக் கூப்பிடும் இடத்தில் மற்றப் பிள்ளைகள் விளையாட்டை விட்டு வந்து பார்ப்பார்கள். கட்டியக்காரன் வருவதற்கு முன், கதையின் கடைசி வசனத்தை அவளுக்குத்தான் எழுதியிருந்தேன்: “அறம் காத்தோம், இழந்ததெல்லாம் திரும்பி வந்தது.” ஒரே மூச்சில் சொல்லக்கூடிய வசனம். எனக்கு அதில் பெருமை.

அவள் அதைச் சொல்லவில்லை. முதல் நாள் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த நாள் நானே எடுத்துக் கொடுத்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். மகனாக ஆடியவன் ஆற்றிலிருந்து ஓடிவந்து அவளுக்கு முன்னால் மூச்சு வாங்க நிற்கிறான்; இவள் நிலத்தைப் பார்க்கிறாள். மற்றப் பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு அவளைப் பக்கத்தில் இருத்தினேன்.

“என்னம்மா, வசனம் பிடிக்கேல்லையோ?”

“அது பொய் ரீச்சர்.”

“ஏன் அப்பிடிச் சொல்றாய்?”

“எங்கட அப்பாவும் இடம் குடுத்தவர். இடம்பெயர்ந்து வரேக்க, உழவு மெசின் பெட்டியில தன்ர இடத்தை ஒரு அக்காவுக்குக் குடுத்திட்டு இறங்கினவர். பின்னால வாறன் எண்டவர். ஏன் ரீச்சர் அவர் வரேல்லை? அவர் ராசாவை மாதிரி நல்லவர் இல்லையோ?”

தலையைத் தடவி, தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னேன். அந்த வசனத்தை எழுதியவள் நான். தகப்பனை இழந்த பிள்ளைக்கு அது என்ன சொல்கிறது என்று அதற்கு முன் நான் யோசித்திருக்கவில்லை. திரும்பி வராதவன் நல்லவனில்லை என்றல்லவா அது அவளுக்குச் சொல்கிறது.

அன்று பாடசாலை விட்டதும் அவளுடைய வீட்டுக்குப் போனேன். வேடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம், தாயிடம் ஒரு சொல் சொல்லிவிடலாம் என்பதுதான் எண்ணம். தாய் புஸ்பராணி முற்றத்தில் விதைக்கு வைத்த கச்சான் கடலையை உடைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட நன்றாக இளையவர். கதிரையைத் துடைத்துப் போட்டார். நடந்ததைச் சொன்னேன். கை நிற்கவில்லை, கச்சான் உடையும் சத்தத்துக்கு நடுவில்தான் கதைத்தார்.

“விசுவமடுவால வெளிக்கிட்டு வாறம் ரீச்சர். பெட்டி நிறையச் சனம். றோட்டுக்கரையில ஒரு பிள்ளைத்தாச்சி, நடக்கேலாம இருந்திட்டாள். இவர் இறங்கி அவளை ஏத்தினவர். நீங்கள் முன்னுக்குப் போங்கோ, நான் பின்னால வாறன் எண்டார். அவ்வளவுதான். அவள் சுமதி. இப்ப வவுனியாப் பக்கம் இருக்கிறாள். அந்தப் பெடியன் பிறந்து வளர்ந்திட்டான். வருசத்துக்கு ஒருக்கா அவனையும் கூட்டிக்கொண்டு வந்து எங்களைப் பாத்திட்டுப் போவாள்.”

“தர்சிகாவுக்கு இந்த வேசம் வேண்டாம் எண்டு நினைக்கிறன் தங்கச்சி. பிள்ளைக்குப் பாரமாக் கிடக்கு.”

அப்போதுதான் கை நின்றது.

“அவளை எடுக்காதேங்கோ ரீச்சர். ஆசையா ஆடுறாள். அந்த வசனத்தைச் சொல்லாட்டி விடட்டும். ஆனா இடம் குடுத்ததாலதான் எல்லாம் போனது, குடுத்திருக்கக் கூடாது எண்டு மட்டும் பிள்ளை நினைக்க விடாதேங்கோ.”

“நீங்கள் என்ன நினைக்கிறியள்?”

“நான் என்னத்தை நினைக்கிறது. இந்தக் கச்சான் உடைக்கவே நேரம் காணாது.”

எழும்பித் தேநீர் போட உள்ளே போய்விட்டார்.

இரண்டொரு நாளில் மாரிமுத்து சேர் ஒத்திகை பார்க்க வந்தார். கூத்து கடைசிக் காட்சிக்கு வந்ததும் நிறுத்தி, நடந்ததை அவரிடம் சொன்னேன். மகன் திரும்பி வருவதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

“ஐயோ, அது ஏலாதுங்க டீச்சர். புள்ள வரலைன்னா மங்களம் எப்படிப் பாடுறது? மங்களம் பாடாம சனம் எப்படி எழும்பி வீட்டுக்குப் போகும்?”

சொல்லிவிட்டுத் தர்சிகாவைப் பார்த்துக் கையசைத்தார். “மகாராணி, இங்க வாங்க. இந்தக் கதையில ஒங்களுக்கு என்ன வெளங்குச்சு?”

அவள் யோசிக்கவே இல்லை. “ராசா செய்தது சரி ஐயா. மகன் வந்தாலும் சரி, வராட்டியும் சரி, அது சரிதான். மகன் வந்தபடியால்தான் சரி எண்டு சொல்லக்கூடாது.”

அவர் எப்போதும்போலத் தலையாட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையின் ஓரத்தால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார்.

“தோட்டத்த விட்டு வந்தப்ப எங்க அப்பா கூத்து உடுப்பு மூட்டைய மட்டும் விடல. ஜெயபுரத்துல காட்ட வெட்டி மொத வருசமே ஆடினோம். ராசாவுக்கு எல்லாம் திரும்பிக் கெடைக்கும். எங்களுக்கு ஒண்ணும் திரும்பிக் கெடைக்கல. அந்த வீடு இல்ல, அந்த மனுசங்க இல்ல. ஆனா வருசா வருசம் மங்களம் பாடுனோம். ஏன் பாடுறோம்னு நான் ஒரு நாளும் கேக்கல பாருங்க.” அவளைப் பார்த்தார். “சரி மகாராணி, மகன் வரல. அப்ப நீங்க யாரப் பாத்து மங்களம் பாடுவீங்க?”

“அந்த ஓடிவந்த ஆள் எங்க ஐயா?”

நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்தக் கூத்தில் தஞ்சம் கேட்டு வருகிறவன் பாதிக் கதையோடு காணாமல் போய்விடுவான். அவனுக்காக நாடே எரிகிறது; அவன் என்ன ஆனான் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் எத்தனையோ தடவை பார்த்த கூத்து. மாரிமுத்து சேர் எத்தனையோ தடவை ஆடிய கூத்து.

“சுமதி அக்கா எங்கட வீட்டை வாறவா” என்றாள் தர்சிகா. “அந்த ஆளும் வரோணும். வந்தா நான் கதைப்பன்.”

முடிவை மாற்றக்கூடாது என்று ஆயுள் முழுக்கச் சொன்ன மனிதர் அன்று மத்தியானம் சாப்பாட்டைக்கூட மறந்து, தறப்பாளுக்குக் கீழே இருந்து புதிய முடிவுக்குப் பாட்டுக் கட்டினார். ஒவ்வொரு அடியையும் பிள்ளைகளைச் சொல்லவைத்து, தோள் எழும்புகிறதா என்று பார்த்தோம். சிவபெருமானை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. “சாமி வரட்டும். நாட்டக் குடுக்கட்டும். மகன் எங்கன்னு ராணி கேக்கட்டும். சாமி பதில் சொல்லாம நிக்கட்டும்.” சிவனாக ஆடிய பிள்ளைக்குத் தன் பெரிய வசனம் போனதில் முகம் கறுத்துவிட்டது. மகனாக ஆடியவன் இன்னும் மோசம்.

“அப்ப நான் செத்துப்போறனோ ரீச்சர்?”

“தெரியாதடா.”

“தெரியாட்டி நான் எங்க நிக்கிறது?”

நியாயமான கேள்வி. மேடைக்குப் பின்னால் நின்று மங்களத்துக்கு உடுக்கு அடிக்கச் சொன்னோம். உடுக்கு கையில் வந்ததும் சமாதானமாகிவிட்டான். கட்டியக்காரனின் படிப்பினை வசனத்தை நானே எடுத்துவிட்டேன். எழுதிப் பார்த்தேன், எப்படி எழுதினாலும் தர்சிகா சொன்னதைவிடக் குறைவாகவே வந்தது.

போட்டி கிளிநொச்சியில், பகலில். பெற்றோரும் பஸ்ஸில் கூட வந்தார்கள். புஸ்பராணி சுமதிக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார். சுமதி வவுனியாவிலிருந்து மகனோடு நேரே மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார். மூவரும் நடுவரிசையில் இருந்ததை நான் திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கூத்து நன்றாகப் போனது. சிவன் நாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அரசியின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றான். மண்டபத்தில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அப்போது தஞ்சம் கேட்டு வந்தவன் ஓரத்திலிருந்து மெல்ல நடந்து வந்து கைகூப்பினான். தர்சிகா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தபடியே நின்றாள். ஒத்திகையில் அவ்வளவு நேரம் நின்றதில்லை. வசனம் மறந்துவிட்டதோ என்று எடுத்துக் கொடுக்க வாயெடுத்தேன். பிறகு அந்தக் குரல் வந்தது.

“எங்கள் மகன் வரவில்லை. நீர் வந்தீர். உள்ளே வாரும்.”

பின்னால் உடுக்கு ஒலித்தது. பிள்ளைகள் மங்களம் பாடினார்கள். முன்வரிசையில் ஒருவர் எழும்பி நின்றார். பிறகு ஒவ்வொருவராக எழும்பி, மங்களம் முடியும்வரை நின்றார்கள்.

எங்களுக்குப் பரிசு இல்லை. மூலக் கூத்தின் முடிவு மாறியிருக்கிறது, படிப்பினை தெளிவாக இல்லை என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். எனக்கு ஆத்திரம். மாரிமுத்து சேர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சிரித்தார். “சரியாத்தானே எழுதியிருக்காங்க டீச்சர். தெளிவில்லதான்.” பிறகு தன் கைக்காசில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தார். மகாராசா, மகாராணி, சாமி என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டுத் தன் கையாலேயே கொடுத்தார்.

பின்னேரம் பஸ் புறப்பட்டது. சுமதி வவுனியாப் பஸ் எடுக்கப் போய்விட்டார். புஸ்பராணி எனக்குப் பக்கத்தில் இருந்தார். தர்சிகா முகப்பூச்சைக்கூடக் கழுவாமல் தாயின் மடியில் தலைவைத்து நித்திரையாகிவிட்டாள். விசுவமடுவைத் தாண்டி ஒரு வளைவு வந்தபோது புஸ்பராணி வெளியே பார்த்தார்.

“இதிலதான் ரீச்சர் இறங்கினவர்.”

நானும் குனிந்து அந்த வளைவைப் பார்த்தேன்.

“நான் பெட்டியில இருந்து கத்தினனான். எங்கட பிள்ளையை விட்டிட்டு ஊராற்ற பிள்ளையைப் பாக்கிறியளோ எண்டு. அதுதான் நான் அவரோட கதைச்ச கடைசிக் கதை. அண்டையில இருந்து அந்த மனுசனில கோவம். அழுகை வர முதல் கோவம் வந்திடும். சுமதி வந்தா சிரிச்சுக்கொண்டுதான் தேத்தண்ணி குடுப்பன். ஆனா அந்தப் பெடியனை நான் ஒரு நாளும் தூக்கினதில்லை. ஓடி வந்து காலைக் கட்டிப் பிடிப்பான், நான் ஏதும் வேலை இருக்கிற மாதிரி விலத்திப் போயிடுவன்.”

பஸ் வளைவைத் தாண்டிவிட்டது. அவர் இன்னும் வெளியே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“இண்டைக்கு இவள் அங்க நிண்டு உள்ள வாரும் எண்டு கூப்பிடேக்க, சுமதியின்ர பெடியன் தெரியேல்லை எண்டு எட்டி எட்டிப் பாத்தான். தூக்கி மடியில வைச்சனான் ரீச்சர். நல்ல பாரம். நல்லா வளர்ந்திட்டான்.”

சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை நுனியில் நனைத்து, நித்திரையாயிருந்த மகளின் கன்னத்துச் சிவப்பை மெல்லத் துடைக்கத் தொடங்கினார்.